அயர்லாந்து மக்கள் வாய் திறந்த கதை
(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றெண்பது வருஷங்களுக்கு முன் இருந்ததைவிட இன்று குறைந்த ஜனங்கள் வாழும் நாடு ஒன்று ஐரோப்பாவில் இருக்கிறது. அது அயர்லாந்து. 1841-இல் கணக்கெடுத்தபோது அந்தத் தீவில் 81 லட்சத்து 75 ஆயிரம் பேர் இருந்தார்கள். பத்து வருஷம் கழித்து 1851-இல் எண்ணியபோது ஏறத்தாழ 65 லட்சத்து 50 ஆயிரம் பேர்தான் மிஞ்சினார்கள். இன்று தீவு இரண்டு ஆட்சிகளாகப் பிரிந்து கிடக்கிறது. வடக்கே 2021-இலும் தெற்கே குடியரசில் 2022-இலும் எடுத்த கணக்குகளைக் கூட்டினால் சுமார் 70 லட்சம் வருகிறது. பழைய கணக்கை இன்னும் எட்டிப் பிடிக்கவில்லை.

அந்த ஜனங்கள் எங்கே போனார்கள்? சுமார் பத்து லட்சம் பேர் பசியிலும் விஷக் காய்ச்சலிலும் செத்தார்கள். இன்னும் பத்து லட்சத்துக்கு மேல் கப்பலேறினார்கள். அயர்லாந்து மக்கள் தங்கள் சொந்த பாஷையில் அதை 'அன் கொர்ட்டா மோர்' என்கிறார்கள். பெரும் பசி என்று அர்த்தம்.

செத்தவர்களைப் பற்றி நிறையப் புத்தகங்கள் இருக்கின்றன. இன்று நாம் பேச வந்தது பிழைத்தவர்களைப் பற்றி. அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரர்கள் மனசில் அந்தப் பசி என்ன செய்தது? ஒரு ஜனக்கூட்டம் தன் பாஷையைப் பேசவே வெட்கப்படும் நிலைக்கு எப்படி வந்தது? அந்தக் காயத்தை அவர்கள் எப்படி ஆற்றிக்கொண்டார்கள்? எதை இன்னும் ஆற்ற முடியவில்லை? இதுதான் விஷயம்.

முதலில் பஞ்சம் வந்த வழியைப் பார்த்துவிடுவோம். அயர்லாந்தின் நல்ல நிலமெல்லாம் நிலப்பிரபுக்கள் கையில் இருந்தது. பலர் லண்டனில் குடியிருந்துகொண்டு காரியஸ்தரை வைத்துக் குத்தகை வசூலித்தார்கள். கோதுமையும் ஓட்ஸும் மாடும் பன்றியும் வெண்ணெயும் குத்தகை கட்டுவதற்கு. விளைவித்தவன் வாயில் வைப்பதற்கு உருளைக்கிழங்கு. உழைக்கும் ஆள் ஒருவன் நாளைக்கு ஐந்து கிலோ கிழங்கு தின்று உயிர் வாழ்ந்தான். முப்பது லட்சம் பேருக்கு அதைத் தவிர வேறு ஆகாரம் அனேகமாகக் கிடையாது. 1845-இல் கிழங்குச் செடியில் கருகல் நோய் விழுந்தது. 1846-இல் விளைச்சல் அடியோடு போயிற்று. கிழங்கு போனால் எல்லாமே போன மாதிரிதான்.

நோயைக் கொண்டுவந்தது ஒரு நுண்ணுயிர். அதற்கு எவனையும் குற்றம் சொல்ல முடியாது. அதே நோய் பெல்ஜியத்திலும் ஹாலந்திலும் விழுந்தது. அங்கே இத்தனை சாவு இல்லை. அயர்லாந்தில் மட்டும் ஏன் எட்டில் ஒருவர் சாக வேண்டும்? ஓட்ஸும் வெண்ணெயும் துறைமுகத்திலிருந்து ராணுவக் காவலோடு போய்க்கொண்டிருந்தன. 1847-இல் வெளியே போனதைவிட உள்ளே வந்த தானியம் அதிகம் என்பதும் உண்மைதான். ஆனால் வந்த மக்காச்சோளத்தை வாங்கக் கையில் காசு வேண்டுமே! சர்க்கார் என்ன செய்தது? எலும்பும் தோலுமாக இருந்தவர்களை ரோடு போடச் சொல்லிக் கூலி கொடுத்தது. 1847 மார்ச்சில் ஏழு லட்சம் பேர் அந்த வேலையில் இருந்தார்கள். எந்த ஊருக்கும் போய்ச் சேராத ரோடுகள் அவை. மலைச்சரிவில் பாதியில் நிற்பதை இன்றும் பார்க்கலாம். பிறகு கஞ்சித் தொட்டி திறந்தார்கள். 1847 கோடையில் ஒரு நாளைக்கு முப்பது லட்சம் பேருக்குக் கஞ்சி ஊற்றினார்கள். ஆக, மனசு வைத்தால் ஊற்ற முடியும் என்று நிரூபணமாகிவிட்டது. சில மாதங்களுக்குள் தொட்டிகளை மூடினார்கள். இனிமேல் அயர்லாந்தின் ஏழைகளை அயர்லாந்தின் வரியே காப்பாற்றட்டும் என்று தீர்மானம் செய்தார்கள். அத்தனை வருஷத்திலும் லண்டன் கஜானா செலவழித்தது ஒரு கோடி பவுனைத் தாண்டவில்லை. இதே பார்லிமெண்டு 1833-இல் அடிமைகளை விடுவித்தபோது, அடிமைகளுக்கு இல்லை, அடிமைகளின் முதலாளிகளுக்கு நஷ்ட ஈடாக இரண்டு கோடி பவுன் ஒதுக்கியது.

இந்த இடத்தில் இரண்டு பெயர்களைச் சொல்ல வேண்டும். இரண்டும் நம் பக்கத்துச் சரித்திரத்திலும் வருகிற பெயர்கள்.

ஒருவர் சார்ல்ஸ் டிரெவெல்யன். லண்டன் கஜானாவில் உட்கார்ந்து நிவாரணக் கணக்கை இறுக்கிப் பிடித்தவர். பஞ்சத்தைக் கடவுளின் ஏற்பாடு என்று 1848-இல் புத்தகமே எழுதினார். அந்த வருஷமே அவருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. பதினொரு வருஷம் கழித்து 1859-இல் சென்னை கவர்னராக வந்து இறங்கியவர் இவர்தான். இங்கே அவருக்கு நல்ல பெயர் உண்டு. புது வரியைப் பகிரங்கமாக எதிர்த்ததற்காக 1860-இல் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். ஒரே மனிதர், இரண்டு கரைகளில் இரண்டு பெயர்.

இன்னொருவர் வில்லியம் கிரெகரி. அயர்லாந்துக்காரரே, கால்வே ஜில்லாவின் நிலப்பிரபு. 1847-இல் அவர் பார்லிமெண்டில் ஒரு ஷரத்தைச் சேர்த்தார். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்கு நிவாரணம் கிடையாது! பிள்ளைக்குக் கஞ்சி வேண்டுமா, நிலத்தை எழுதிக் கொடு. எழுதிக் கொடுத்தவன் வீட்டுக் கூரையை அமீனா ஆட்கள் பிரித்துப் போட்டார்கள். லட்சக்கணக்கானவர்கள் இப்படி ரோட்டுக்கு வந்தார்கள். இந்த கிரெகரி 1872 முதல் 1877 வரை இலங்கைக்கு கவர்னர். நம் ஜனங்கள் காப்பித் தோட்டத்தில் கூலிகளாகக் கிடந்த காலம் அது. கொழும்பு மியூசியத்துக்கு முன்னால் அவருடைய சிலை நிற்கிறது.

அவர் அங்கே இருந்தபோதுதான் இங்கே தாது வருஷப் பஞ்சம். 1877-இல் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி வந்து, நிவாரண வேலை செய்பவனுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று குறைத்தார். அதே சித்தாந்தம், அதே கணக்குப் புத்தகம். நம் கிழவிகள் அதைக் கும்மியில் பாடி வைத்தார்கள். அயர்லாந்தில் என்ன நடந்தது? அங்கே பாடுவதற்கு நாக்கே போய்விட்டது. அந்தக் கதைக்கு வருவோம்.

பஞ்சத்தில் அதிகமாகச் செத்தவர்கள் யார்? நிலமற்ற கூலிகளும் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் குத்தகைக் குடிகளும். மேற்குக் கரையோரம், மலைப் பக்கம். அவர்கள்தான் ஐரிஷ் பாஷை பேசியவர்கள். செத்ததும் கப்பலேறியதும் அவர்களே. அதற்கு முன்பே, 1831-இல் சர்க்கார் பள்ளிக்கூடங்கள் வந்துவிட்டன. அங்கே போதனை ஆங்கிலத்தில். பிள்ளையின் கழுத்தில் கயிறு கட்டி ஒரு குச்சியைத் தொங்கவிடுவார்கள். ஐரிஷில் ஒரு வார்த்தை பேசினால் குச்சியில் ஒரு வெட்டு. சாயங்காலம் வாத்தியார் வெட்டுகளை எண்ணி அத்தனை அடி கொடுப்பார். இதில் கொடுமை என்னவென்றால், பல வீடுகளில் வெட்டுப் போட்டவர்கள் பெற்றோரே. தங்களுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் வீட்டில் பிள்ளை ஐரிஷ் பேசினால் குச்சியில் குறித்து அனுப்பினார்கள்.

அந்தப் பெற்றோர்களைத் திட்டுவது சுலபம். அவர்கள் கண்ணால் கண்டது என்ன? ஐரிஷ் பேசியவன் பள்ளத்தில் செத்துக் கிடந்தான். ஆங்கிலம் தெரிந்தவன் பாஸ்டனுக்கோ லிவர்பூலுக்கோ போய் வேலை தேடிக்கொண்டான். பிள்ளை பிழைக்கட்டும் என்று அவர்கள் தங்கள் நாக்கைத் தாங்களே வெட்டிக்கொண்டார்கள். 1851-இல் ஐரிஷ் பேசுவோர் 15 லட்சம். 1891-இல் ஏழு லட்சத்துக்கும் கீழே. பாட்டி ஒரு பாஷை, பேத்தி ஒரு பாஷை. பாட்டி கண்டதை யாரிடம் சொல்லுவாள்?

சொல்ல முடிந்தவர்களும் சொல்லவில்லை. ஏன்? பட்டினி கிடந்ததில் வெட்கம். கஞ்சி வரிசையில் கைநீட்டி நின்றதில் வெட்கம். 'ஒர்க்ஹவுஸ்' என்னும் ஏழைக் கொட்டடியில் பெண்டாட்டி ஒரு பக்கம், புருஷன் ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம் என்று பிரிக்கப்பட்டதில் வெட்கம். இதற்கெல்லாம் மேலே இன்னொன்று உண்டு. பக்கத்து வீட்டுக்காரன் விரட்டப்பட்டபோது அவன் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டவனும் ஊரிலேயே இருந்தான். அவன் பேரன் அந்த நிலத்தை உழுதுகொண்டிருக்கும்போது யார் வாயைத் திறப்பது? பின்னாளில் கிழவர்களிடம் போய்க் கேட்டவர்களுக்கு அடிக்கடி கிடைத்த பதில் இதுதான்: எங்கள் ஊரில் அவ்வளவு இல்லை, அடுத்த ஊரில்தான் அதிகம் செத்தார்கள். அடுத்த ஊரில் போய்க் கேட்டால் அவர்கள் இந்த ஊரைக் காட்டினார்கள்.

இந்தக் காலத்தில் சிலர் சொல்கிறார்கள், இத்தகைய காயம் ரத்தத்திலேயே இறங்குகிறது என்று. விஞ்ஞானம் இதில் கொஞ்சம் சொல்லியிருக்கிறது. 1944-45 குளிர்காலத்தில் நாஜிகள் ஹாலந்தைப் பட்டினி போட்டார்கள். அப்போது தாய் வயிற்றில் இருந்த பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை வியாதியும் இருதய வியாதியும் கூடுதலாக வந்ததை டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். அது வயிற்றில் இருந்த சிசுவைப் பற்றியது. ஆறு தலைமுறைக்கு முந்திய அயர்லாந்துப் பசி இன்றைய பேரன் உடம்பில் ஓடுகிறது என்பதற்கு நிரூபணம் இல்லை. நமக்குத் தோன்றுவது இது: காயம் இறங்க ரத்தம் வேண்டியதில்லை, வீடு போதும். பேசக்கூடாத விஷயம் ஒன்று வீட்டில் இருக்கிறது என்று குழந்தைக்குத் தெரிந்தால் போதும். நிலம் போய்விடும் என்ற பயம், கல்யாணத்தைத் தள்ளிப்போடுவது, அண்ணன் ஒருவனுக்கு நிலம், மற்றவர்களுக்குக் கப்பல் டிக்கட்டு, துக்கத்தை விழுங்கச் சாராயம். இவையெல்லாம் ஒரு குடும்பத்தின் வழக்கமாகிவிட்டால் அதற்குப் பிறகு பஞ்சத்தின் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. 1958-இல் அயர்லாந்துக் குடியரசின் மனநோய் ஆஸ்பத்திரிகளில் 21 ஆயிரம் பேருக்கு மேல் அடைபட்டிருந்தார்கள். முப்பது லட்சம் ஜனங்கள்கூட இல்லாத நாட்டில்! உலகத்திலேயே அதிக விகிதம். அத்தனை பேருக்கும் பைத்தியமா? சொத்துத் தகராறில் தள்ளப்பட்டவர்கள், துக்கம் தாளாதவர்கள், நாதியற்றவர்கள், எல்லோரையும் ஒரே சுவருக்குள் போட்டு மூடியிருந்தார்கள்.

சரி, காயம் இப்படி. ஆற்றிக்கொண்டது எப்படி? இங்கே ஒரு பஞ்சாலைத் தொழிலாளியின் கதையைச் சொல்ல வேண்டும்.

மைக்கேல் டேவிட். 1846-இல், பஞ்சத்தின் நடுவில், மேயோ ஜில்லாவில் ஸ்ட்ரேட் என்ற கிராமத்தில் பிறந்தவர். 1850-இல், அவருக்கு நாலு வயசு, குத்தகை பாக்கிக்காகக் குடும்பத்தை வெளியேற்றினார்கள். ஏழைக் கொட்டடிக்குப் போனார்கள். மூன்று வயசுக்கு மேற்பட்ட ஆண் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டும் என்றார்கள். அந்தத் தாய், பிள்ளையைக் கொடுக்கமாட்டேன் என்று குடும்பத்தோடு வெளியே வந்துவிட்டாள். இங்கிலாந்துக்குப் போனார்கள். லங்காஷயரில் ஹாஸ்லிங்டன் என்ற ஆலை ஊர். பையன் ஒன்பது வயசில் பஞ்சாலைக்குப் போனான். 1857-இல், பதினொரு வயசில், பல்சக்கரம் அவன் வலது கையைக் கவ்வியது. கையை வெட்டி எடுத்தார்கள். நஷ்ட ஈடு? ஒரு காசு இல்லை. கை போனதால்தான் அவனுக்குப் பள்ளிக்கூடம் கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு கையும் இருந்திருந்தால் ஆலை விட்டிருக்காது.

வெளியேற்றத்தின் கதையை அவன் தாய் அவனிடம் மறைக்கவில்லை. ஊரெல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்தபோது அவள் சொல்லிச் சொல்லி வளர்த்தாள். யார் வெளியேற்றினான், எதற்காக வெளியேற்றினான் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். வெறும் துக்கமாகச் சொல்லியிருந்தால் பையன் குடிகாரனாகப் போயிருக்கலாம். காரணத்தோடு சொன்னாள். அவன் புரட்சிக்காரன் ஆனான். ஆயுதம் அனுப்பியதாக 1870-இல் சிறைக்குப் போய் ஏழு வருஷம் ஒற்றைக் கையால் கடின வேலை செய்தான்.

வெளியே வந்த டேவிட் மேயோவுக்குத் திரும்பினார். 1879-இல் மறுபடியும் விளைச்சல் மோசம், மறுபடியும் வெளியேற்ற நோட்டீஸ். கிழவர்களுக்கு 1847 ஞாபகம் வந்தது. இந்தத் தடவை சாகமாட்டோம் என்றார்கள். அந்த வருஷம் அக்டோபரில் நிலச் சங்கம் பிறந்தது. மறு வருஷம் பிப்ரவரி முதல் தேதி, ஸ்ட்ரேட் கிராமத்தில் பெரிய பொதுக்கூட்டம். மேடையை எங்கே போட்டார்கள் தெரியுமா, தோழர்களே? முப்பது வருஷத்துக்கு முன் இடித்துத் தள்ளிய டேவிட் குடும்பத்து வீட்டின் இடிபாட்டின் மேலேயே போட்டார்கள்! எந்த மண்ணிலிருந்து தாயின் கையைப் பிடித்துக்கொண்டு விரட்டப்பட்டாரோ அந்த மண்ணின் மேல், ஒற்றைக் கையோடு நின்று பேசினார்.

காயம் ஆறுவது என்றால் என்ன என்று கேட்டால் நாம் இந்தக் கூட்டத்தைத்தான் காட்டுவோம். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேர் வீட்டிலும் இப்படி ஒரு இடிபாடு இருந்தது. ஒவ்வொருவரும் தங்கள் குடும்பத்துக்கு மட்டும் நேர்ந்த அவமானம் என்று நினைத்து மூடி வைத்திருந்தார்கள். அன்றைக்கு அது எல்லோருக்கும் பொதுவான வழக்காயிற்று.

அதே வருஷம் மேயோவில் ஏர்ன் பிரபுவின் காரியஸ்தன் ஒருவன் குடிகளை வெளியேற்றப் பார்த்தான். ஜனங்கள் அவனை அடிக்கவில்லை. கூலிகள் வயலில் இறங்கவில்லை. வேலைக்காரர்கள் வீட்டை விட்டுப் போனார்கள். கொல்லன் லாடம் அடிக்க மறுத்தான், கடைக்காரன் சாமான் கொடுக்க மறுத்தான். 500 பவுன் பெறுமான அறுவடையைக் காப்பாற்ற ஆயிரம் சிப்பாய்களைக் கொண்டுவந்து சர்க்கார் பத்தாயிரம் பவுன் செலவழித்தது. அந்தக் காரியஸ்தன் பெயர் பாய்காட். நாம் ஆலை வாசலில் சொல்லும் 'பாய்காட்' அங்கிருந்து வந்ததுதான்.

1881 முதல் 1903 வரை சட்டம் மேல் சட்டமாக வந்து குத்தகைக் குடிகள் நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். ஆனால் விவசாயக் கூலிக்கு என்ன கிடைத்தது? ஒரு குடிசையும் அதைச் சுற்றி அரை ஏக்கரும், அதுவும் சிலருக்கு. நிலம் முழுவதும் தேசத்துக்குப் பொது என்று டேவிட் சொன்னதை யாரும் ஏற்கவில்லை. பஞ்சத்தில் யார் அதிகம் செத்தார்களோ அவர்களுடைய வர்க்கத்துக்கே கடைசிவரை நிலம் சேரவில்லை.

பாஷையின் பக்கம் வருவோம். 1893-இல் டக்ளஸ் ஹைட் என்ற புராட்டஸ்டன்ட் பாதிரியாரின் மகனும் சில நண்பர்களும் கேலிக் சங்கத்தை ஆரம்பித்தார்கள். மாலை நேர வகுப்பு, பாட்டு, நடனம். வெட்கப்பட்டு மறைத்த பாஷையைக் குமாஸ்தாக்களும் கடைச் சிப்பந்திகளும் பணம் கட்டிப் படிக்க வந்தார்கள். ஜேம்ஸ் கானலி இதையெல்லாம் மதித்தார், ஆனால் போதாது என்றார். எடின்பரோவில் அயர்லாந்து அகதிகளின் குடிசைப் பகுதியில் 1868-இல் பிறந்த தொழிலாளி அவர். கொடியின் நிறம் மட்டும் மாறினால், முதலாளியும் நிலச்சொந்தக்காரனும் பழைய எஜமானின் வேலையைத் தொடர்ந்து செய்வார்கள் என்று 1897-இலேயே எழுதினார். 1916 எழுச்சியில் குண்டடி பட்ட அவரை நாற்காலியில் உட்காரவைத்துச் சுட்டுக் கொன்றார்கள்.

அவர் பயந்தது எவ்வளவு தூரம் பலித்தது? 1922-இல் தெற்கே சொந்த சர்க்கார் வந்தது. ஐரிஷைப் பள்ளியில் கட்டாயப் பாடமாக்கினார்கள்; 1973 வரை அதில் தேறாவிட்டால் பள்ளி இறுதிச் சான்றிதழ் கிடையாது. முன்பு ஐரிஷ் பேசியதற்கு அடி. இப்போது ஐரிஷ் சரியாக வராததற்கு அடி. பிரம்பைக் கொண்டு பாஷையை மீட்க முடியுமா? சர்க்கார் செய்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்ல வேண்டும். 1937 முதல் 1939 வரை சுமார் ஐயாயிரம் பள்ளிகளில் ஐம்பதினாயிரம் பிள்ளைகளிடம் நோட்டுப் புத்தகம் கொடுத்து, உன் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதிக்கொண்டு வா என்று அனுப்பினார்கள். வைத்தியம், பாட்டு, பேய்க் கதை, ஊர்ப்பெயர், பஞ்சம், எல்லாம். லட்சக்கணக்கான பக்கங்கள் சேர்ந்தன. 1945-இல் பஞ்சத்தைப் பற்றியே தனியாகக் கேள்வித்தாள் அனுப்பினார்கள். மகனிடம் சொல்லாததைப் பேரனிடம் சொன்னார்கள் கிழவர்கள். ஊரில் எந்தப் புதர் மேட்டின் கீழே பெட்டி இல்லாமல் புதைத்தார்கள் என்பதெல்லாம் அந்த நோட்டுகளில் இருக்கிறது.

ஆனால் இதே சர்க்கார் இன்னொரு பக்கம் புதிய மௌனத்தை உண்டாக்கிக்கொண்டிருந்தது. கால்வே ஜில்லாவில் டூவம் என்று ஒரு ஊர். அங்கே பஞ்ச காலத்தில், 1846-இல், ஏழைக் கொட்டடி ஒன்று திறந்தார்கள். சுதந்திரம் வந்த பிறகு 1925-இல் அதே கட்டடத்தில், கல்யாணமாகாமல் தாயான பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் விடுதி வைத்தார்கள். கன்னியாஸ்திரீகள் நடத்தினார்கள், சர்க்கார் பணம் கொடுத்தது. 1961 வரை நடந்தது. டேவிட்டின் தாய் எதற்காகக் கொட்டடியை விட்டு ஓடினாளோ அதே காரியம் இங்கே சுதந்திரக் கொடியின் கீழ் நடந்தது. தாயையும் பிள்ளையையும் பிரித்தார்கள்.

அந்த வட்டாரத்துப் பெண் ஒருவர், கேதரின் கார்லஸ், பட்டம் பதவி எதுவும் இல்லாதவர், ஊர்ச் சரித்திரம் எழுதலாம் என்று பழைய ரிக்கார்டுகளைப் பார்க்கப் போனார். அங்கே செத்த குழந்தைகளின் மரணச் சான்றிதழ்களைக் கைக்காசு செலவழித்து வாங்கினார். 796 குழந்தைகள்! புதைத்த கணக்கு இல்லை. 2014-இல் விஷயம் உலகத்துக்குத் தெரிந்தது. 2017-இல் பழைய கழிவுநீர்த் தொட்டி இருந்த இடத்தில் குழந்தைகளின் எலும்புகள் இருப்பது ஊர்ஜிதமாயிற்று. 2021-இல் விசாரணைக் கமிஷன், பதினெட்டு விடுதிகளில் சுமார் ஒன்பதாயிரம் குழந்தைகள் செத்ததாக அறிக்கை கொடுத்தது. பிரதமர் மன்னிப்புக் கேட்டார். 2025-இல்தான் டூவத்தில் தோண்ட ஆரம்பித்தார்கள். அங்கே தம்பி தங்கையைத் தேடிக்கொண்டிருக்கும் கிழவர்கள் இருக்கிறார்கள்.

இதை மறைத்துவிட்டு, பஞ்சம் செய்தவன் வெள்ளைக்கார துரை, நாங்கள் நல்லவர்கள் என்று பேசுவதில் பிரயோஜனம் இல்லை. அடிபட்டவன் என்பதால் மட்டும் ஒருவன் நியாயஸ்தன் ஆகிவிடமாட்டான். பஞ்சாபில் 1919-இல் ஜாலியன்வாலா பாக் படுகொலையை ஆதரித்த கவர்னர் ஓட்வையர் அயர்லாந்தின் டிப்பரரிக்காரர். அடுத்த வருஷம் அதே பஞ்சாபில், தன் நாட்டில் பிரிட்டிஷ் படை செய்யும் அட்டூழியத்தைக் கேள்விப்பட்டுத் துப்பாக்கியைக் கீழே வைத்து, அதற்காகச் சுடப்பட்டு மாண்ட சிப்பாய் ஜேம்ஸ் டேலியும் அயர்லாந்துக்காரரே.

மன்னிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 1997-இல் பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேர் பெயரால், அன்று ஆண்டவர்கள் கடமை தவறினார்கள் என்று ஒரு அறிக்கை வந்தது. ஜனங்கள் நெகிழ்ந்தார்கள். 2021-இல் பழைய கோப்புகள் வெளியானபோது, பிரதமரைப் பிடிக்க முடியாததால் அதைக் காரியதரிசிகளே எழுதி அனுப்பியதாகத் தெரிந்தது. பரவாயில்லை, எழுதிய குமாஸ்தாவுக்காவது மனசாட்சி இருந்தது.

இதைவிடப் பெரிய காரியம் ஒன்றை ஏழைகள் செய்தார்கள். அமெரிக்காவில் சோக்டா என்ற செவ்விந்திய ஜனங்கள் உண்டு. 1831-இல் தொடங்கி அவர்களைச் சொந்த நிலத்திலிருந்து துரத்தினார்கள், வழிநெடுகச் செத்தார்கள். பதினாறு வருஷம் கழித்து, 1847-இல், அயர்லாந்துப் பட்டினியைக் கேள்விப்பட்டு அவர்கள் 170 டாலர் வசூலித்து அனுப்பினார்கள். அயர்லாந்து ஜனங்கள் அதை மறக்கவில்லை. கார்க் ஜில்லாவில் மிடில்டன் என்ற ஊரில் ஒன்பது பெரிய எஃகு இறகுகளை வட்டமாக நிறுத்தி 2015-இல் ஞாபகச் சின்னம் எழுப்பினார்கள். 2020-இல் கொரோனா நோய் நவஹோ, ஹோப்பி என்ற செவ்விந்திய ஜனங்களைத் தாக்கியபோது அயர்லாந்திலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள், அந்த 170 டாலரைச் சொல்லியே பணம் அனுப்பினார்கள். தன் பசியை வாய்விட்டுச் சொல்லப் பழகியவனுக்கு அடுத்தவன் பசி காதில் விழுகிறது.

மேடைக்கு ஒரு சீட்டு வந்திருக்கிறது. இப்போது அங்கே ஐரிஷ் பாஷை உயிரோடு இருக்கிறதா, எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று ஒரு தோழர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி.

2022 கணக்கில் குடியரசில் 18 லட்சத்து 70 ஆயிரம் பேர், எங்களுக்கு ஐரிஷ் பேசத் தெரியும் என்று எழுதினார்கள். அதில் பள்ளிக்கூடத்துக்கு வெளியே தினமும் பேசுகிறவர்கள் சுமார் 72 ஆயிரம் பேர்தான். சந்தோஷப்படவும் இடமுண்டு, கவலைப்படவும் இடமுண்டு. வடக்கே பெல்பாஸ்டில் சில தொழிலாளிக் குடும்பங்கள் அறுபதுகளின் கடைசியில் தாங்களே வீடு கட்டிக்கொண்டு ஒரே தெருவில் ஐரிஷ் பேசி வாழ ஆரம்பித்தார்கள். 1971-இல் பிள்ளைகளுக்குச் சொந்தமாகப் பள்ளி வைத்தார்கள். சர்க்கார் உதவி கிடையாது. அந்த வடக்கேதான் மதத்தின் பெயரால் முப்பது வருஷம் வெட்டு குத்து நடந்து 3,500 பேருக்கு மேல் செத்தார்கள். 1998 ஒப்பந்தத்துக்குப் பிறகு துப்பாக்கி ஓய்ந்தாலும் தெருக்களுக்கு நடுவில் சுவர்கள் நிற்கின்றன. 1932-இல் வேலையில்லாத கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டும் ஒன்றாக நிவாரணக் கூலிக்காக ஸ்டிரைக் செய்த அதே பெல்பாஸ்ட்!

அங்கே கிழக்குப் பகுதி கப்பல் கட்டும் தொழிலாளிகள் வாழும் இடம். புராட்டஸ்டன்டுகள், பிரிட்டிஷ் கொடியை விரும்புகிறவர்கள். ஐரிஷ் பாஷை எதிராளியின் பாஷை என்று வளர்ந்தவர்கள். 2011-இல் லிண்டா எர்வின் என்ற அந்தப் பகுதிப் பெண், தங்கள் தெருவிலேயே ஐரிஷ் வகுப்பு ஆரம்பித்தார். வகுப்பு இன்றும் நடக்கிறது, ஆளும் கூடியிருக்கிறது. அங்கே வருகிறவர்களுக்கு முதல் ஆச்சரியம் ஊர்ப்பெயர்களில் இருக்கிறது. புராட்டஸ்டன்டுகளின் கோட்டை என்று பெயர்பெற்ற ஷாங்கில் ரோடு இருக்கிறதே, அந்த 'ஷாங்கில்' ஐரிஷ் வார்த்தை. பழைய கோயில் என்று அர்த்தம். பெல்பாஸ்ட் என்பதும் அப்படியே. மணல்திட்டு இருக்கும் ஆற்றின் முகத்துவாரம். தாத்தா காலத்திலிருந்து தினமும் வாயால் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.